ஹார்மோன் அறிக்கையில் அச்சாகாத புரதம்

கால்நடை மருத்துவரிடம் வரும்போதே பலர் தங்கள் விலங்கின் ஹார்மோன் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு, ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரடயால் இவ்வளவு என்ற எண்களுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்றோ 'அதிகம்' என்றோ குறித்திருக்கும். அந்த ஒரு குறியை நம்பி மருந்தைத் தொடங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வழக்கமான பரிசோதனை அளப்பது இரத்தத்தில் உள்ள மொத்த ஹார்மோனை. இந்தப் பாலியல் ஹார்மோன்கள் நீரில் எளிதில் கரைவதில்லை. புரதங்களைப் பற்றிக்கொண்டுதான் இரத்தத்தில் பயணம் செய்கின்றன. அவற்றில் அல்புமின் எனும் புரதம் ஏராளமாக உண்டு, ஆனால் அதன் பிடி தளர்வானது. கல்லீரல் சுரக்கும் பாலியல் ஹார்மோன் பிணைப்புக் குளோபுலின் அளவில் குறைவு, பிடியோ மிக இறுக்கம். மனிதர்களில் டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே எதிலும் ஒட்டாமல் தனித்து உலவுகிறது. வைப்புநிதியில் முடங்கிய பணத்தையும் கையிருப்பையும் கூட்டிச் சொன்னால் இன்றைக்குச் செலவழிக்க எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. மொத்த அளவும் அப்படித்தான்.

இந்தக் குளோபுலின் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதையும் ஹார்மோன்களே தீர்மானிக்கின்றன. மனிதர்களில் இது நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் தைராய்டு ஹார்மோனும் அதைக் கூட்டுகின்றன. ஆண் ஹார்மோன்கள் குறைக்கின்றன. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்த நிலையிலும் அது குறைந்தே காணப்படுகிறது. கர்ப்ப காலத்தில் பல மடங்கு உயர்கிறது. தைராய்டு சுரப்பு குன்றிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். குளோபுலின் குறைகிறது, அதனால் தனித்த டெஸ்டோஸ்டிரோன் சற்றே கூடுகிறது. அதை உணர்ந்த மூளையும் அதன் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் விரைகளுக்கு அனுப்பும் தூண்டலைக் குறைக்கின்றன. முடிவில் தனித்த அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது, மொத்த அளவு மட்டும் தாழ்ந்து நிற்கிறது. அறிக்கை 'குறைவு' என்கிறது. திசுக்களுக்கோ குறை பெரிதாக இல்லை. இங்கே சிகிச்சை தேவைப்படுவது தைராய்டுக்கு.

இதே விதியை எல்லா விலங்குகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் எங்கள் தொழிலின் பெரிய சிக்கல். வளர்ந்த எலியின் கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரப்பதே இல்லை. ஆனால் அதே மரபணுவைக் கொண்டு விரையில் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்கள் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) பிணைப்புப் புரதத்தைத் தயாரிக்கின்றன. அதை ஆள்பவை பிட்யூட்டரி சுரந்து விரையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும். எலிக்கருவில் வேறொரு ஏற்பாடு உண்டு. அங்கே மூளையில் ஆண்தன்மையை உண்டாக்குவது எஸ்ட்ரடயால்தான். கருவின் இரத்தத்தில் உள்ள ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் அதை இறுகப் பிடித்து, பெண் கருவின் மூளையை ஆண்தன்மையிலிருந்து காக்கிறது. அந்தப் புரதம் இல்லாதபடி உருவாக்கிய பெண் சுண்டெலிகள் கருத்தரிப்பதில்லை. மனிதனின் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்துக்கு எஸ்ட்ரடயாலைப் பிடிக்கும் அந்தத் திறன் கிடையாது. பறவைகளிடம் பாலியல் ஹார்மோன் பிணைப்புக் குளோபுலினே இல்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டிரோனைச் சுமக்கும் குளோபுலின்தான் டெஸ்டோஸ்டிரோனையும் சுமக்கிறது. மீன்களில் பாலியல் ஹார்மோன் பிணைப்புக் குளோபுலின் செவுள்களிலும் இருக்கிறது. நீரில் கலந்த கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் மீனின் உடலுக்குள் புக அது வழியாகிறது. கழிவுநீரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆகவே மனித இரத்தத்துக்கென வகுத்த சூத்திரத்தில் நாயின் எண்களைப் போட்டுத் 'தனித்த டெஸ்டோஸ்டிரோன்' கணக்கிடுவது அர்த்தமற்றது. அந்தச் சூத்திரத்தில் இருப்பது மனிதப் புரதத்தின் பிடிமான அளவு.

அறிக்கையைவிட விலங்கின் உடல் தெளிவாகப் பேசும் நேரங்கள் உண்டு. வயதான ஆண் நாய், ஒரு விரை கீழே இறங்கவில்லை. இரு விலாப்புறமும் சமச்சீராக முடி உதிர்ந்திருக்கிறது, முலைக்காம்புகள் தடித்திருக்கின்றன, மற்ற ஆண் நாய்கள் அதைச் சுற்றிவருகின்றன. எஸ்ட்ரடயால் அறிக்கையோ 'இயல்பு' என்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் செர்டோலி செல் கட்டியில் இப்படி நடப்பது அரிதல்ல. எஸ்ட்ரடயாலின் அளவு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். அதற்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் மாறினாலே உடலில் பெண்தன்மை தெரியத் தொடங்கும். ஆண்குறியின் உறைத்தோலுக்குள் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெட்டை நாயின் யோனித் தடவலில் காணும் அதே தட்டையான, ஓரம் கூர்த்த, கெட்டித்த செல்கள் இதிலும் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்று பொருள். உடனே முழு இரத்த எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் நாயின் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் சரியவைக்கும். அது தெரியாமல் அறுவை சிகிச்சை மேசையில் ஏற்றக் கூடாது.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது விலங்கின் இனம், வயது, கருத்தடை செய்த விவரம், சினை, தைராய்டு மாத்திரை, வீட்டில் யாராவது தோலில் ஹார்மோன் களிம்பு பூசுகிறார்களா என்பது வரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தக் களிம்பை நக்கும் நாய்க்கும் ஹார்மோன் ஏறும். கருத்தடை செய்த ஆண் நாயின் உடலில் விரைத் திசு மிச்சமிருக்கிறதா என்ற ஐயம் வந்தால் ஒற்றை டெஸ்டோஸ்டிரோன் எண் போதாது. விரைத் திசுவைச் சுரக்கத் தூண்டும் ஊசிக்கு முன் ஒரு மாதிரியும் பின் ஒரு மாதிரியும் எடுத்து, இரண்டையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.