அந்த முள் எதை அளக்கிறது?

ராத்திரி இரண்டு மணி. முன்பு உங்களுடையவராக இருந்தவரின் தோளில் சாய்ந்து நிற்கும் அந்தப் புது ஆளின் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். கண், சிரிப்பு, தலைமுடி. இவரிடம் அப்படி என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இல்லை? படம் புள்ளி புள்ளியாக உடைகிற அளவுக்குப் பெரிதாக்கியும் பதில் கிடைப்பதில்லை, ஆனாலும் விரல் நிற்காது.

இதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். 2010-ல் ஹெலன் ஃபிஷர் என்ற மானிடவியலாளரின் குழுவினர், கைவிடப்பட்ட பிறகும் காதல் குறையாத 15 பேரை ஸ்கேனரில் படுக்கவைத்து, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டினார்கள். கொகெய்னுக்காக ஏங்கும்போது வேலை செய்கிற சில பகுதிகள் அவர்கள் மூளையிலும் விழித்துக்கொண்டன. ஏக்கம் என்று நாம் சும்மா சொல்வதில்லை.

சரி, ஏங்குவது புரிகிறது. ஆனால் அதோடு சேர்த்து ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று ஏன் தோன்ற வேண்டும்?

மார்க் லியரி என்ற உளவியலாளர் தன் குழுவோடு 1995-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். சுயமதிப்பு என்பது வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் மாதிரி. மற்றவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதைத்தான் அந்த முள் காட்டுகிறது. கூட்டத்தை விட்டு விலக்கப்பட்டால் உயிர் பிழைப்பதே கஷ்டம் என்றிருந்த காலத்தில் உருவான எச்சரிக்கை அது, அதனால்தான் யாராவது தள்ளிவிட்டதும் சட்டென்று கீழே விழுந்து வயிற்றைப் பிசைகிறது. முள் விழுந்ததைப் பார்த்து இஞ்சினே பழுது என்று நினைத்துவிடுகிறோம். நம் குணம், அறிவு, அன்பு காட்டும் விதம், இது எதையும் அளக்க அந்த முள்ளுக்குத் தெரியாது.

நம் இடத்தில் இன்னொருவர் வரும்போது அடி இன்னும் பலமாக விழுகிறது. செபாஸ்டியன் டெரி, எமிலி ஸிடெக் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், யாருமே வேண்டாம் என்று விலகிப் போவதைவிட வேறொருவருக்காக விட்டுப்போவதுதான் அதிகம் வலித்தது. காரணமே தெரியாதபோதுகூட, யாரோ ஒருவருக்காக விடப்பட்ட அளவுக்கே மனம் நொந்தது. யோசித்துப் பாருங்கள், ஒருவர் தன் விருப்பத்துக்கு எடுத்த முடிவை, இரண்டு பேர் எழுதிய பரீட்சையின் ரிசல்ட் மாதிரி நாம் படிக்கிறோம். அங்கே பரீட்சையே நடக்கவில்லை!

எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லாரன் ஹவ், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2016-ல் கண்டது இது: மனிதர்களின் குணம் மாறவே மாறாது என்று நம்புகிறவர்கள், கைவிடப்பட்டதைத் தங்கள் ‘உண்மையான’ குறையை அம்பலப்படுத்திய தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள், அந்த வலியை ரொம்ப நாள் சுமந்தார்கள்.

அப்புறம் ஒன்று. முள் ஒரே ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஒரு பழைய சிநேகிதி வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால், அழுதுகொண்டிருக்கும்போதே அது லேசாக ஏறும்.