"வலிக்குதுன்னு சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாங்க சார்"

என் கிளினிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி ஒரு தம்பி சொன்னதுதான் தலைப்பு. 21 வயது, டெல்டா பக்கத்து ஊர், வேகப்பந்து வீச்சாளர். கிளப் அணிகள் மோதும் சென்னை லீக் ஆடுவதற்காக வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். கீழ் முதுகில் வலி ஆரம்பித்து ஆறு வாரம் ஆன பிறகுதான் என்னிடம் வந்தார். அதுவரை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பந்து வீசியிருக்கிறார்.

ஒற்றைக் காலில் நின்று பின்பக்கம் வளையச் சொன்னேன். வலது கைப் பந்துவீச்சாளர் அவர். இடது பக்கம், முதுகெலும்பை ஒட்டி, ஒரு விரலை வைத்து "இங்கதான் சார்" என்றார். முதுகு வலி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையால் தடவித்தான் இடத்தைக் காட்டுவார்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஒரே விரலால் தொட்டுக் காட்டினால், முதுகெலும்பில் விரிசலாக இருக்குமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அதில் என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு ஆகும் சார்?" என்றுதான் கேட்டார். அடுத்த கேள்வி, "ஞாயித்துக்கெழம மேட்ச் ஆடலாமா?"

விளையாட்டு இயன்முறை மருத்துவராக இந்த இரண்டு கேள்விகளும் என் காதில் விழாத வாரமில்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

மாநில அணிகள் மோதும் உள்நாட்டுத் தொடரான ரஞ்சிக் கோப்பையில் இப்போது 38 அணிகள். ஒரு ஆட்டத்துக்குக் களமிறங்குவது அணிக்கு 11 பேர் என்றால் மொத்தம் 418 பேர். இவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 2021இல் கிரிக்கெட் வாரியம் ஆட்டக் கட்டணத்தை உயர்த்தியது. 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், 40 ஆட்டத்தைத் தாண்டியவருக்கு 60,000. நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆடும் நாளுக்கு. பெரும்பாலான அணிகளுக்கு லீக் சுற்றில் ஏழு ஆட்டம், ஒவ்வொன்றும் நான்கு நாள், ஒன்றுவிடாமல் ஆடினால் 40,000 கணக்கில் 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பதினொருவரில் இல்லாமல் வெளியே உட்கார்ந்தால் பாதி. முதுகு உடைந்து ஊரில் படுத்தால் அந்த வருமானம் இல்லை. 2020-21இல் பெருந்தொற்றால் ரஞ்சித் தொடரே நடக்கவில்லை. 1934இல் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் முறை. அந்த வருடம் நிறைய பேர் வீட்டு வாடகைக்கு என்ன செய்தார்கள் என்பது எனக்கு நேரில் தெரியும்.

இதெல்லாம் ரஞ்சி வரை போனவர்களின் கணக்கு. என்னிடம் வந்த தம்பி மாதிரி ஆட்கள் அதற்கும் கீழ்ப்படியில் இருக்கிறார்கள்.

இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கும் இதே கீழ் முதுகுதான். 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். அந்த மாதங்களில் அவருக்கு வாரியத்தின் பெங்களூரு அகாடமி இருந்தது, அங்கே நிபுணர்கள் இருந்தார்கள், வாரிய ஒப்பந்தம் இருந்தது. அவருக்குக் கிடைத்தது சரிதான். அதே எலும்பு, அதே காயம் உள்ள மேன்ஷன் அறைப் பையனுக்கு இதில் ஒன்றாவது கிடைக்க வேண்டாமா?

தம்பியை உட்கார வைத்து, முந்தின மாதம் வீசிய பந்துகளை எண்ணச் சொன்னேன். லீக் ஆட்டத்தில் 14 ஓவர், வலைப்பயிற்சியில் மூன்று நாள், அது போதாதென்று அகாடமி ஒன்றில் பேட்ஸ்மேன்களுக்கு வீசிக்கொடுத்தது. அதற்குக் கையில் காசு கிடைக்குமாம். சனிக்கிழமை இரவு பஸ் ஏறிப் போய் ஊரில் டென்னிஸ் பால் டோர்னமென்ட். என் பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தோம். வாரத்துக்கு 120 பந்து வீசிக்கொண்டிருந்தவர், திடீரென்று 340க்குப் போயிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. அகாடமிக்காரருக்கு லீக் தெரியாது, கிளப்புக்கு டென்னிஸ் பால் தெரியாது. மொத்தக் கணக்கும் அந்த முதுகுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் விரிசல் விடும். பந்து வீசுகிறவரின் கீழ் முதுகெலும்பும் அப்படித்தான். 25 வயதுக்கு உள்ளே முதுகெலும்பு முழுசாக இறுகியிருக்காது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் குறைந்த காலத்தில் மீளலாம். மாத்திரை போட்டு வீசிக்கொண்டே போனால் விரிசல் முழு முறிவாகி, பல மாதம் பந்தைத் தொட முடியாது. சிலருக்கு அது கூடாமலேயே போய்விடும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. வலி மாத்திரை காயத்தை ஆற்றாது, வலியை மறைக்கும். மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது போட்டால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்டீராய்டு ஊசி எந்த வழியில் போட்டாலும் 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. நமது கிரிக்கெட் வீரர்கள் 2019இலிருந்து தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனைக்குள் வருகிறார்கள். அதே வருடம் இந்திய பேட்ஸ்மேன் பிருத்வி ஷா எட்டு மாதத் தடை வாங்கினார். காரணமான பொருள் இருமல் மருந்துகளில் சாதாரணமாக இருப்பது. உள்நாட்டு டி20 தொடரில் எடுத்த மாதிரியில்தான் அது சிக்கியது. கேட்டுச் சொல்ல மருத்துவர் கூடவே இல்லாத பையன்கள்தான் இதில் எளிதாக மாட்டுவார்கள்.

கிளப் செயலாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். நெட்ஸ், மேட்ச், வெளியாட்டம் எல்லாப் பந்தும் அதில் ஏறட்டும். காயம்பட்டவரின் மாதத் தொகையை அந்த சீசன் முடியும்வரை நிறுத்தாதீர்கள். அதை நிறுத்துகிற வரை ஒருவரும் உங்களிடம் உண்மையைச் சொல்லப்போவதில்லை. வீரர்களுக்குச் சொல்வது இது: பந்து வீசும்போது ஒரே பக்கம், ஒரே இடத்தில், இரண்டு வாரத்துக்கு மேல் வலித்தால் முதலில் பந்தைக் கீழே வையுங்கள், பிறகு ஸ்கேனுக்குப் போங்கள். பெற்றோர்களே, பையன் குனியும்போது அல்ல, நிமிர்ந்து பின்னால் வளையும்போது முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள்.

தம்பியின் ஸ்கேனில் விரிசல் உறுதியானது. அவருடைய கிளப் அடுத்த மாதமே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. நான்கு மாதமாகிறது. இப்போது காலையில் ஒரு கோச்சிங் சென்டரில் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து அறை வாடகை கட்டுகிறார். சாயங்காலம் என்னிடம் வந்து வயிற்றுத் தசைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்கிறார். பந்து இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. நோட்டு மட்டும் வாங்கி வைத்திருக்கிறார், முதல் பக்கத்தில் தேதி போடாமல்.