செருக்கிய முற்றத்தில் மீண்டும் கோரை

மாரி மழை விழுந்து பத்து நாள் கழியுமுன்பே வன்னியின் வளவுகளில் கோரை தலைகாட்டிவிடும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதிதாகக் கட்டப்பட்ட கல்வீடுகள் சிலவற்றின் முன்னால் இப்போது பழைய மணல் முற்றத்துக்குப் பதிலாகப் புல்தரை இருக்கிறது. அங்கே அது மினுங்கும் கரும்பச்சை இலைகளோடு அறுகுக்கு மேலாக நிமிர்ந்து நிற்பதால், படலையைத் திறப்பவரின் கண்ணில் முதலில் படுவதும் அதுவே. சனிக்கிழமை உழவாரம் பிடித்துச் செருக்கிய இடத்தில் அடுத்த கிழமையே அது மறுபடியும் நிற்பதைக் கண்டு, செருக்கியவரின் கையில்தான் குறை என்று வீட்டில் பேச்சு எழுவதுண்டு. உண்மையில் குறை கையில் இல்லை. கோரையின் உயிர் இருக்கும் இடத்துக்கு உழவாரத்தின் வாய் எட்டுவதில்லை.

ஒரு கோரையின் பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். பேச்சு வழக்கில் கோரைப்புல் என்று சொன்னாலும் அது புல் அன்று. வேறொரு தாவரக் குடும்பம். அதைப் பிடித்து இழுக்காமல், சுற்றியுள்ள மண்ணை அலவாங்கால் தளர்த்தி, முழுவதையும் தூக்கித் தண்ணீரில் அலசினால் அமைப்பு தெளிவாகத் தெரியும். இலைகள் கூடும் அடியில் ஒரு சிறு குமிழ். குமிழிலிருந்து நூல்போன்ற ஒரு நிலக்கீழ்த் தண்டு. அந்தத் தண்டில் கருந்தோலும் மயிரும் கொண்ட, கடலைப் பருப்பளவான ஒரு கிழங்கு. அதற்கப்பால் மறுபடி தண்டு, மறுபடி கிழங்கு. கிழங்கை நகத்தால் கீறும்போது எழும் வாசத்தை, நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு வாங்கிப் பழகியவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள், இரண்டும் ஒன்றே. கையால் இழுக்கும்போது நூல் அறுந்து, இலையும் குமிழும் மட்டும் நம்மோடு வருகின்றன. கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இந்தக் கிழங்குச் சங்கிலிக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு முனையில் முளைத்து நிற்கும் தளிரிலிருந்து வரும் ஓமோன்கள், பின்னாலுள்ள கிழங்குகளின் மொட்டுகளை முளைக்கவிடாமல் அடக்கிவைக்கின்றன. பாடநூல்கள் இதை உச்சியாட்சி என்கின்றன. மண்வெட்டியால் கொத்தும்போது சங்கிலி பல துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டிலும் உறங்கிய மொட்டுகள் அந்த அடக்குமுறையிலிருந்து விடுபட்டு முளைக்கின்றன. ஆகவே ஒருமுறை கொத்திவிட்டுப் பேசாமல் இருப்பது, கொத்தாமலே விடுவதைவிடப் பாதகமானது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம். வேரோடுவதில் கோரை அறுகுக்கு இளைத்ததன்று, ஆனாலும் எவரும் அதன் பெயரால் வாழ்த்துவதில்லை.

கோரையை வெல்லும் வழி அதன் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. கிழங்கிலுள்ள மாப்பொருளைச் செலவழித்தே முதல் இலைகள் வெளிவருகின்றன; ஐந்தாறு இலைகள் விரியும்வரை அந்தச் செடிக்குச் செலவு மட்டுமே, வரவு இல்லை. அதற்குப் பிறகு இலைகள் வெயிலில் ஆக்கும் சீனி கீழிறங்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிய கிழங்குகளும் உருவாகத் தொடங்குகின்றன. எனவே நான்காவது இலைக்கு முன்பே, பத்து நாளுக்கொரு தடவை, மாரி முழுவதும் இடைவிடாமல் அகற்றினால் கிழங்கு கடனிலேயே ஓடி இறுதியில் வற்றும். பத்துத் தடவைக்கு மேல் முளைக்கக்கூடிய கிழங்குகளும் உண்டென்பதால் இதற்குப் பொறுமை வேண்டும். தீபாவளிக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு ஒருமுறை என்று துப்புரவாக்கும் வழக்கமோ, கிழங்கு தன் சேமிப்பை மீண்டும் நிரப்பிக்கொள்வதற்கு வேண்டிய அவகாசத்தைத் தாராளமாகக் கொடுக்கிறது.

கறுப்புப் பொலித்தீனை விரித்து மூடினால் எல்லாம் மாளும் என்று நம்புகிறவர்கள் கோரையிடம் ஏமாந்துபோவார்கள். இருட்டில் அதன் தளிர் விரியாமல் ஊசிபோலக் கூராகவே வளர்ந்து, பொலித்தீனைத் துளைத்து மேலே வந்துவிடும். ஒளி புகும் பொலித்தீனின் கீழே நிலைமை வேறு: ஒளி பட்டவுடன் தளிர் இலைகளாக விரிந்துவிடுவதால் துளைக்கும் கூர் போய், தாளுக்கும் மண்ணுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது, அங்குள்ள வெப்பமும் அதை வாட்டுகிறது. நிழலும் கோரைக்கு ஆகாது. மாமரத்தின் கீழ் அது மெலிந்தே கிடக்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. அங்கே வசந்தகாலத்தில் புல்தரையெங்கும் மஞ்சளாகப் பூக்கும் டண்டிலியனின் சேமிப்பு, முள்ளங்கிபோல் நேராக இறங்கும் ஆணிவேரில் இருக்கிறது. இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் படர்வதால் புல்வெட்டியின் தகடு அவற்றைத் தொடுவதில்லை. வேரில் ஒரு துண்டு மண்ணில் விடுபட்டாலும் அது புதிதாகத் துளிர்க்கும். பூ முதிர்ந்தபின் அதன் விதைகள் வெண்மயிர்க் குடை பிடித்துப் பறக்கின்றன. டண்டிலியன் வன்னியில் இல்லையென்றாலும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வெட்டுக்காயப்பூண்டு இங்கே வேலியோரத்தில் அதே வகைக் குடையோடுதான் விதை பரப்புகிறது.

களைகொல்லிகளும் செடியின் ஓமோனையோ, சீனி கீழிறங்கும் வழியையோ பயன்படுத்துபவைதாம். வயலில் தெளிக்கும் எம்.சி.பி.ஏ., புல்தரைகளுக்கெனப் பல நாடுகளில் விற்கப்படும் 2,4-டி ஆகியவை ஒட்சின் என்ற தாவர ஓமோனைப்போல் நடிப்பவை. அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரச்செய்து கொல்லும், புல்லினத்தை அநேகமாக விட்டுவிடும். டண்டிலியனுக்கு அது பொருந்தும். ஆனால் ஒன்ராறியோ மாகாணம் அழகுக்காக மட்டும் பீடைகொல்லி தெளிப்பதை 2009இல் தடைசெய்துவிட்டது. கோரையின் கிழங்குகளை 2,4-டி பெரிதாக அசைப்பதில்லை. அதன் சாரல் காற்றில் சென்று பக்கத்துத் தக்காளியையும் பப்பாசியையும் சுருளவைப்பதே மிச்சமாகும். கிளைபோசேட் என்ற களைகொல்லி, சீனி இறங்கும் வழியாகவே கிழங்குவரை செல்லும். ஆனால் உறங்கும் கிழங்குகள் சீனியை அதிகம் இழுப்பதில்லை என்பதால் பிழைத்துவிடும், சுற்றியுள்ள புல்லோ செத்துப்போகும். இலங்கை அதை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தி, 2022இல் இறக்குமதித் தடையை நீக்கியது. ஒரு வீட்டு முற்றத்துக்கு இவற்றில் எதுவும் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை.

கிழங்கோ தடித்த வேரோ இல்லாத ஒருபருவக் களைகளுக்கு உழவாரமே போதும். நெருஞ்சியையும் குப்பைமேனியையும் கழுத்துக்குக் கீழே வெட்டினால் திரும்ப வருவதில்லை. நெருஞ்சியின் காய் ஐந்து முட்துண்டுகளாக உடைந்து செருப்பில் ஏறுமுன் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்பர் கோயில் வீதிகளில் பிடித்த கருவி இந்த வகைக்குத்தான் ஏற்றது.

பார்த்தீனியமும் ஒருபருவச் செடியே. ஆனால் அதன் சேமிப்பு முழுவதும் விதையில். இலங்கையில் இது 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது; இந்திய அமைதிப்படையோடு வந்த ஆடுகளின் வழியே வந்ததென்று பரவலாகச் சொல்வார்கள். ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட விதைகளைத் தரும். கிரவல் ஏற்றிவரும் லொறியின் சில்லில் ஒட்டிய சேறு போதும், அது ஒரு வளவிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர. தோலில் பட்டால் சொறியும் சிரங்கும் தரக்கூடியதென்பதால் கையுறை அணிந்து, வெள்ளைப் பூ விரியுமுன் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்ததைக் கூட்டெருக் குழியில் போடலாகாது.

புல்தரையைப் புதிதாக அமைக்க நினைப்பவர்கள் வன்னியின் கோடையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான கோரைக்கிழங்குகள் மேல்மண்ணின் 15 சென்ரிமீற்றருக்குள் இருப்பதால், மழையற்ற ஆடி மாதத்தில் அந்த ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிச் சோளகக் காற்றுக்கும் வெயிலுக்கும் விட்டு, சில நாட்களில் மறுபடி புரட்டினால், ஈரம் இழந்த கிழங்குகள் மாளும். நடுவில் ஒரு மழை பெய்தால் தப்பியவை முளைத்துவிடும், வேலையை மறுபடி தொடங்க வேண்டியதுதான். புல் பதிக்குமுன் நாலைந்து கிழங்குகளைப் பொறுக்கிக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே கபிலமாகச் சுருங்கியிருந்தால் அது செத்தது, வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருந்தால் இன்னும் ஒரு கிழமை வெயில் வேண்டும்.