ஏலக்காய் விலை ஏறிய வருஷத்தை வைத்துச் சுற்றுலாச் செலவை முடிவு செய்யாதீர்கள்

போடி, கம்பம், கூடலூர் பக்கத்து ஏலத்தோட்டக் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்ப்பதும் வரி ஆலோசனை சொல்வதும் என் தொழில். இவர்களில் பலருக்குத் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில், வீடு இந்தப் பக்கம். மார்ச் கடைசி ஆனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சார், பிள்ளைகளுக்கு லீவு விடப் போகுது. எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். நகையை வச்சு ஒரு அறுபதாயிரம் எடுக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஆனால் கேட்பவர் ஊதாரி அல்ல. வருஷம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் வேலை பார்த்தவர், பிள்ளைகளோடு நாலு நாள் இருக்க ஆசைப்படுகிறார். அந்த ஆசை நியாயமானது. சிக்கல், பணம் வருகிற காலமும் லீவு வருகிற காலமும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. ஏலக்காய் எடுப்பு ஆடி வாக்கில் தொடங்கித் தை, மாசி வரை ஓடும். ஏலத்தில் காய் விற்றுக் காசு கையில் புரள்வது அப்போதுதான். பள்ளி லீவு சித்திரையில். அந்த நேரத்தில் தோட்டத்தில் வரவு இருக்காது, தண்ணீர் பாய்ச்சும் செலவுதான் இருக்கும். அடுத்து ஜூனில் பள்ளிக் கட்டணம், உரம், ஆள் கூலி என்று வரிசையாக நிற்கும். ஆக, வருஷத்திலேயே கை வறண்டிருக்கிற மாதத்தில்தான் நாம் சுற்றுலாவை வைக்கிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2019-இல் ஏலத்தில் கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்தச் சமயத்தில் சிங்கப்பூர், மலேசியா என்று போய் வந்தவர்கள் என்னிடம் கணக்குப் பார்ப்பவர்களிலேயே உண்டு. போனது தப்பில்லை. ஆனால் 2021-இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2024 கோடையில் வெயில் தாங்காமல் இடுக்கியில் செடிகளே கருகின. வருமானம் கீழே வந்துவிட்டது, சுற்றுலாவுக்கு என்று மனதில் பதிந்த தொகை மட்டும் கீழே வரவில்லை. ஒரு தடவை விமானத்தில் போன குடும்பம் அடுத்த தடவை கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போக மனசு வராமல் தவிக்கிறது. சொந்தக்காரர்கள் "இந்த வருஷம் எங்க?" என்று கேட்பார்களே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான்: எங்கே போவது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொகை. அந்தத் தொகையையும் உங்கள் மோசமான வருஷத்து வருமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு குடும்பத்துக்குத் தோட்டச் செலவு போகக் கையில் நின்றது 9 லட்சம், 4.5 லட்சம், 4 லட்சம், 5.5 லட்சம், 7 லட்சம் என்று வையுங்கள். சராசரி 6 லட்சம். பலரும் மனதில் நிறுத்துவது அந்த 9 லட்சத்தை. கொஞ்சம் நிதானமானவர்கள் சராசரியைப் பார்ப்பார்கள். நான் 4 லட்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதில் ஐந்து சதவீதம், அதாவது 20,000 ரூபாய், வருஷாந்தரப் பயணத்துக்கு. விலை விழுந்த வருஷத்திலும் இந்தத் தொகையைக் கடன் வாங்காமல் எடுக்க முடியும். ஐந்து சதவீதம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு. வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது, மகள் கல்லூரியில் சேரப் போகிறாள் என்றால் மூன்று சதவீதத்தில் நிறுத்துங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இல்லை என்றால், அது சேரும்வரை ஒருநாள் பயணங்களோடு இருப்பது நல்லது. மேகமலையும் தேக்கடியும் காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பும் தூரம்தானே.

சரி, 9 லட்சம் வந்த வருஷத்தில் என்ன செய்வது? வழக்கமான 20,000-க்கே போய் வாருங்கள். மேலும் 20,000-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். நல்ல வருஷம் வரும்போதெல்லாம் இப்படிச் சேர்ந்தால் அதுதான் உங்கள் பெரிய பயணத்துக்கான பணம். சிங்கப்பூர் அதிலிருந்து போகட்டும்.

தை மாதம் ஏலப் பணம் வந்ததும் சுற்றுலாத் தொகையைப் பிரித்து, ஏப்ரலில் முதிர்கிற மாதிரி வங்கியில் குறுகியகால வைப்பாகப் போட்டுவிடுங்கள். வட்டி பெரிதாகக் கிடைக்காது. ஆனால் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் உரக்கடைக்கும் கல்யாண மொய்க்கும் போய்விடும்.

கடனில் போனால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகவே சொல்கிறேன். நகைக்கடன் 60,000 ரூபாய், வருஷ வட்டி 12 சதவீதம், பத்து மாதம் கழித்து மீட்கிறீர்கள் என்றால் வட்டி மட்டும் 6,000. கிரெடிட் கார்டு இன்னும் மோசம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 60,000-க்கு 2,100 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். நீங்கள் மாதம் 3,000 கட்டினாலும் அசலில் குறைவது ஐந்நூற்றுச் சொச்சம்தான். மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு, கார்டு பாக்கியை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார். அவர் கணக்கில் சேர்க்காத இன்னொரு செலவும் இருந்தது. ஐந்து நாள் பயணத்தில் ஐந்து நாள் ஓட்டம் போனது, ஜீப் தவணை மட்டும் நிற்கவில்லை. தினக் கூலி, சொந்தத் தொழில் என்று இருப்பவர்கள் விட்டுப்போகும் வருமானத்தையும் பயணச் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொகை முடிவானபின் அதை நீட்டிக்க வழி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில்தான் தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் லீவு வரும். மூணாறிலும் குமுளியிலும் அறை வாடகை அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். காலாண்டு லீவில் ஒரு எடுப்புச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்குவதற்கு முன் மூன்று நாள் கிடைத்தால் பாருங்கள். கையில் காசும் இருக்கும், வாடகையும் குறைவாக இருக்கும். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. வாடகை 7,500 என்றால் வரி 375. 7,600 ஆனால் வரி 1,368. சொந்தக் காரில் போகிறவர்கள் எல்லை தாண்டும் முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளாவில் பெட்ரோல் விலை அதிகம். வாடகை வேன் என்றால் பர்மிட்டுக்கும் கேரள வரிக்கும் யார் பணம் கட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

சம்பளக்காரர்கள் எல்.டி.ஏ., அதாவது விடுப்புப் பயணப்படிக்கான வருமானவரிச் சலுகை பற்றிக் கேட்பார்கள். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. நான்கு ஆண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணம், அதுவும் இந்தியாவுக்குள். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி, அடுத்தது 2026 முதல் 2029 வரை. டிக்கெட் கட்டணம் மட்டும் கணக்கில் வரும், அறையும் சாப்பாடும் வராது. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 20,000 ரூபாய் டிக்கெட்டில் மிச்சமாவது 4,000 சொச்சம். போகிற பயணத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இதற்காகவே பயணம் கிளம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கும்போதே விலையோடு சேர்த்துப் பிடிக்கும் டி.சி.எஸ். வரித் தொகையை வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்பவும் வாங்கலாம். ஆனாலும் பதிவு செய்யும் நாளில் அந்தப் பணமும் கையில் இருந்தாக வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். போனால் இரண்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்து, வாழ்நாள் முழுக்கத் தங்கும் உறுப்பினர் திட்டம் என்று லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்குவார்கள். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி. நீங்கள் கேட்கிற மே மாதத்தில் அறை இல்லை என்பார்கள். இந்த மாதிரி ஒப்பந்தத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், கார்டை எடுக்கவே எடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், ஒப்பந்த நகலையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இவ்வளவும் அதிகம் செலவழிப்பவர்களுக்கு. இன்னொரு வகையினரும் என் அறைக்கு வருகிறார்கள். தோட்டம் இருக்கிறது, கடன் இல்லை, வைப்பில் பணம் இருக்கிறது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் மலைக்கும் வீட்டுக்குமாக நடந்தே அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பயணத்துக்கு என்று அவர்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட இருக்காது. "போயி என்ன செய்யப் போறோம்" என்பார் அவர். அந்த அம்மா பேசாமல் இருப்பார். இவர்களிடம் நான் நேர்மாறாகப் பேசுகிறேன். வைப்பு வட்டியிலிருந்து வருஷம் இவ்வளவு பயணத்துக்கு என்று எழுதிக் கொடுத்து, மூட்டுவலி முற்றுவதற்குள் செலவழித்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் விட்டபிறகு இது இன்னும் சுலபம், கீழ்ப் படுக்கை பதிவு செய்து படுத்துக்கொண்டே போகலாம். போன தை மாதம் ஒரு தம்பதிக்கு அந்தத் தொகையை எழுதிக் கொடுத்தபோது, எங்கே போகலாம் என்று நான் அவரைக் கேட்கவில்லை, அந்த அம்மாவைக் கேட்டேன். கடல் பார்க்கணும், கூட்டம் இல்லாத கடலாக இருந்தால் நல்லது என்றார். தரங்கம்பாடி சொன்னேன்.