பாத்தியில் சரி, வகுப்பறையில்?

ஒரு உரம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உரம் போட்ட வயலில் விளைச்சல் கூடியது என்றால் மட்டும் போதாது. அந்த மண்ணே நல்ல மண்ணாக இருந்திருக்கலாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு வழி சொன்னார். நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும். தற்செயலால் வரக்கூடியதற்கும் மேலாக விளைச்சலில் வித்தியாசம் தெரிந்தால், அது உரத்தின் வேலை.

இதே முறையை 1985-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. ‘ஸ்டார்’ என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 79 பள்ளிகள், நான்கு ஆண்டுகள், 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு, அதே அளவில் உதவியாளரும் உள்ள வகுப்பு: யார் எதில் என்பது குலுக்கலில் முடிவானது. ஆசிரியர்களையும் அப்படித்தான் பிரித்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். உதவியாளரால் பெரிய மாற்றமில்லை. கல்வித் துறையில் இவ்வளவு தெளிவான விடை அபூர்வம்.

1996-இல் கலிஃபோர்னியா தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுப் பயிற்சி பெறாதவர்களையும் எடுத்தார்கள். நூலகங்கள்கூட வகுப்பறைகளாயின. ஏழைப் பகுதிகளிலிருந்த அனுபவசாலிகள் பலர், வசதியான பகுதிகளில் திறந்த புதிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். பலன் எவ்வளவு என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டென்னசி ஆய்வில் பிழையில்லை என்பதே என் கருத்து. கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொன்னது. ஆனால் பக்கத்து வயலில் உரம் போடுகிறார்கள் என்று கோதுமை எழுந்து அங்கே போவதில்லை. மனிதர்கள் போவார்கள். டென்னசியிலேயே பத்தில் ஒரு பிள்ளை அளவுக்கு, குலுக்கலில் விழுந்த வகுப்பை விட்டு மாறியது.

இன்னொரு வித்தியாசம் எனக்கு இதைவிட முக்கியம். 52-இல் 37 போனால் 25 என்று ஒரு குழந்தை எழுதுகிறது. மதிப்பெண் பட்டியலில் அது வெறும் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், “பெரியதிலிருந்துதானே சின்னதைக் கழிக்கணும்? ஏழில் ரெண்டு போனா அஞ்சு, அஞ்சில் மூணு போனா ரெண்டு” என்கிறது. கவனக்குறைவே இல்லை, தான் நம்பும் விதியை அக்கறையாகப் பின்பற்றியிருக்கிறது. கோதுமையிடம் இப்படிக் கேட்க முடியாது.

அந்தக் குழந்தைக்கு அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்து கொடுத்தால், பத்தையும் அப்படியே போடும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கையில் கொடுத்து, 37 குச்சி கேட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டைப் பிரிக்காமல் கொடுக்க முடியாது. ஆயிரம் குழந்தைகளுக்கு இது உதவுமா என்பதற்கு மறுபடியும் ஃபிஷரின் குலுக்கலிடம்தான் போக வேண்டும்.