லைட் மினுக்குகிறதா? எத்தனை லைட் என்று முதலில் எண்ணுங்கள்

லைட் விட்டு விட்டு எரிந்தால் எல்லோரும் முதலில் பல்பை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு லைட் மட்டும் மினுக்கினால் அது சரியான தொடக்கம்தான். புது பல்பும் மினுக்குகிறது, அல்லது இரண்டு மூன்று லைட்டுகள் சேர்ந்து மினுக்குகின்றன என்றால் பல்பின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட வேண்டும். எங்கோ ஒரு ஜாயின்ட் லூசாகி அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

‘ஏதாவது ஆனால் எம்சிபி விழுந்துவிடும்’ என்ற நம்பிக்கை இந்த விஷயத்தில் கைகொடுக்காது. கரன்ட் அளவுக்கு மேல் போனால் எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் விழும். கரன்ட் எர்த் வழியாகக் கசிந்தால் ஆர்சிசிபி என்ற இன்னொரு சுவிட்ச் விழும். லூஸ் ஜாயின்ட்டில் இரண்டுமே நடப்பதில்லை. அதே கரன்ட்தான் போகிறது, கெட்ட வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஜாயின்ட்டில் வரும் ஸ்பார்க்கைக் கண்டுபிடித்து அணைக்க ஏஎஃப்டிடி என்று தனிச் சாதனம் உண்டு. அது எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

ஆகவே எண்ணுங்கள். ஒரே லைட் என்றால் பல்பு, ஹோல்டர், கூரையில் வயர் சேரும் சீலிங் ரோஸ், அதன் சுவிட்ச், இந்த நான்குக்குள் கோளாறு இருக்கும். பல்பை நன்றாக எரியும் வேறு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அங்கும் ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து எரிந்தால் உள்ளே எல்இடிக்குக் கரன்ட் தரும் சின்னச் சர்க்யூட்டான டிரைவர் போய்விட்டது. ஐந்து நிமிடம் எரிந்து, அணைந்து, ஆறியதும் மறுபடி எரியும் எல்இடி பல்பில் சிப் ஒன்றின் உள்இணைப்பு சூட்டில் விட்டு, குளிர்ந்ததும் சேர்கிறது. பல்பைத் தூக்கிப் போடலாம். ஹோல்டரில் பின்கள் கறுத்துக் குழி விழுந்திருந்தால், அல்லது ஸ்பிரிங் அமுக்கினால் திரும்பி வராமல் நின்றால், ஹோல்டரையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான். பழைய டியூப்லைட்டில் முனைகள் கறுத்திருந்தால் டியூப்பும், நடு மட்டும் துடித்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரும் மாற வேண்டும்.

ஒரு அறையில் எல்லாம் சேர்ந்து மினுக்கினால் அந்தச் சர்க்யூட்டின் எம்சிபி டெர்மினல், கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க், இடையில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். வீடு முழுக்க என்றால் மெயின் ஸ்விட்ச், ஃபியூஸ் உள்ள கட்டவுட், மீட்டர், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர். பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் கோளாறு வெளியே. மீட்டருக்கு முந்தைய பகுதியை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது. மின் விநியோக நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும், சீலை உடைக்காதீர்கள்.

எப்போது மினுக்குகிறது என்பதையும் கவனியுங்கள். மோட்டார், ஃபிரிட்ஜ், ஏசி கம்ப்ரெஸர் கிளம்பும்போது வழக்கமான கரன்ட்டைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை ஒரு கணம் இழுக்கும். அப்போது லைட் லேசாக மங்கி உடனே தெளிவது இயல்பு. மங்கியது தெளியாமல் நின்றாலோ, முன்பு இல்லாத அளவுக்கு மங்கினாலோ இயல்பு இல்லை. மழைக்கும் காற்றுக்கும் மட்டும் வந்தால் வெளியே சர்வீஸ் வயர் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது நியூட்ரல் லூசாவது. த்ரீ ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் உள்ள லைட்டுகள் மங்கும், இன்னொரு ஃபேஸில் உள்ளவை கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாகும். 230 வர வேண்டிய இடத்தில் லோடைப் பொறுத்து 300, 350 என்று ஏறும். 400 வரை போக இடமுண்டு. டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். உங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ்தான் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வெளியே கம்பத்தில் நியூட்ரல் விட்டால் இதே பாதிப்பு உங்களுக்கும் வரும். ‘ஒரு ரூம் டல், ஒரு ரூம் டாப்’ என்று கண்டால் ஆராயாமல் மெயினை அணையுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள் நியூட்ரல் விட்டால் அறிகுறி வேறு. எதுவும் எரியாது, ஆனால் ஏதாவது ஒரு லைட்டின் சுவிட்ச் போட்டிருந்தால் பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். கரன்ட் இல்லை என்று நினைத்து வயரைத் தொடுபவர்கள் ஷாக் வாங்குவது இப்படித்தான்.

லூஸ் எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டரும் 2000 வாட் ஹீட்டர் ஒன்றும் போதும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். சந்தேகமுள்ள சர்க்யூட்டின் ஒரு பாயின்ட்டில் ஹீட்டரைப் போட்டு, அதே போர்டில் அதற்குப் பக்கத்துப் பாயின்ட்டில் வோல்டேஜ் பாருங்கள். ஹீட்டர் ஓடும்போதே, எந்த லோடும் இல்லாத, அதே ஃபேஸில் உள்ள வேறொரு சர்க்யூட்டின் பாயின்ட்டிலும் பாருங்கள். எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறக்காமலே அங்கே என்ன வோல்டேஜ் நிற்கிறது என்பதை அது காட்டிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைந்த வோல்டேஜ்.

எவ்வளவு தொலையலாம்? இரண்டரை ஸ்கொயர் மி.மீ. காப்பர் வயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.0074 ஓம். டிபியிலிருந்து 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், 0.22 ஓம். ஹீட்டர் இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். ஆக 2 வோல்ட் குறைவது நியாயம். 12 வோல்ட் குறைந்தால் மிச்சம் 10 வோல்ட் ஏதோ ஒரு ஸ்க்ரூவின் அடியில் தொலைகிறது. 10 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் 90 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சூடு பிளாஸ்டிக் பெட்டிக்குள், வயர் இன்சுலேஷனை ஒட்டி, சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜை அளந்து பாருங்கள். ஹீட்டர் போடுவதற்கு முன் எவ்வளவு, போட்ட பின் எவ்வளவு? ஒரு வோல்ட் அளவுக்கு ஏறினால் சரி. பத்துப் பன்னிரண்டு ஏறினால் லூஸ் நியூட்ரல் பக்கம். ஏறவே இல்லை, ஆனால் வோல்டேஜ் குறைகிறது என்றால் ஃபேஸ் பக்கம், அதாவது எம்சிபி, சுவிட்ச், அந்த வழி ஜாயின்ட்டுகள். இரண்டு சர்க்யூட்டிலும் வோல்டேஜ் ஒரேயடியாக விழுந்தால் கோளாறு டிபிக்கு முன்னால். அளக்கும்போது மீட்டர் தேவைப்படாத அறிகுறிகளும் சிக்கும்: போர்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு, ‘கிர்’ரென்று மெல்லிய சத்தம், மீன் நாற்றம் போன்ற வாடை, பிளக் பின்னில் பழுப்புக் கறை. வாடையோ சத்தமோ வந்தால் அளப்பதை நிறுத்தி மெயினை அணையுங்கள்.

சரிசெய்வதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். சரியாகச் செய்கிறாரா என்று நீங்கள் பார்க்கலாம். மெயினை அணைத்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டரால் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கறுத்த காப்பரை அப்படியே திருப்பி முடுக்கினால் பயனில்லை. பளபளப்பான காப்பர் தெரியும்வரை வெட்டிவிட்டு, 10 மி.மீ. அளவுக்கு இன்சுலேஷனை உரித்து, ஒரு இழைகூட அறுபடாமல் முறுக்கி, வயர் முனைக்கான உலோக உறையான லக் அல்லது ஃபெரூல் போட்டு முடுக்க வேண்டும். ஸ்க்ரூ காப்பரைக் கடிக்காமல் இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் தப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகவே தெரியும். நியூட்ரல் லிங்க்கில் ஒரே ஸ்க்ரூவின் கீழ் தடித்த வயரும் மெல்லிய வயரும் சேர்ந்திருந்தால் மெல்லியது நாளடைவில் ஆடும். தனித்தனி ஓட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூ போடுவதும் வேண்டாம், ஈயம் அழுத்தத்தில் நசுங்கி விலகிவிடும். அலுமினியத்தையும் காப்பரையும் நேரடியாக முறுக்காமல் இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டல் கனெக்டர் போட வேண்டும். சூடுபட்ட எம்சிபியும் சுவிட்ச்சும் முடுக்கினால் தேறாது, புதிதுதான்.

அணைத்த பிறகும் எல்இடி மெல்ல மினுக்கினால் அது வேறு வகை. சுவிட்ச்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் வழியாகக் கொஞ்சம் கரன்ட் போய் டிரைவரை எழுப்புகிறது. இண்டிகேட்டரை எடுத்தால் நின்றுவிடும். ஒரே லைட்டுக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் வைக்கும் நீளமான டூ-வே வயரிங்கிலும் இது வரும். அங்கே லைட்டுக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் ஒன்று போதும். ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே முழு 230 காட்டினால், சுவிட்ச்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். பல்பு மாற்றும் கைக்கு ஆபத்து. உடனே சுவிட்ச்சை ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள இடத்தில் டிம்மபிள் என்று அட்டையில் போட்ட எல்இடி மட்டும்தான். பழைய டிம்மர்களுக்குக் குறைந்தபட்ச லோடு வேண்டும், 9 வாட் பல்பு ஒன்று அதற்குப் போதாது. போன் கேமராவில் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால் அது பல்பின் தரம், வயரிங் கோளாறு இல்லை.

வேலை முடிந்ததும் அதே ஹீட்டரை அதே பாயின்ட்டில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் 2, 3 வோல்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹீட்டரை அணைத்து, போர்டின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சூடு தெரிந்தால் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள், இன்னொரு ஜாயின்ட் மிச்சம் இருக்கிறது.