உட்கார வைத்தே பலத்தை உருக்கிவிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. 87 வயதுப் பாட்டி, குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து என்னிடம் வந்திருக்கிறார். "ஒரு வேலையும் செய்ய விட்டதில்லை மேடம், தண்ணீர்கூடக் கையில்தான் கொடுப்போம்" என்கிறார் மகன். பாசத்தில்தான் சொல்கிறார். கயிறாக இளைத்திருந்த அந்தத் தொடையைத் தொட்டுப் பார்த்த எனக்கோ கோபம்தான் வந்தது.

தரை ஈரமாக இருந்ததாம். ஈரத்தில் எல்லோருக்கும்தான் வழுக்குகிறது. வழுக்கிய கணத்தில் சட்டென்று காலை ஊன்றி உடலைத் தாங்கப் பலம் வேண்டும்.

"இந்த வயதில் சதை எங்கே ஏறப்போகிறது?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏறும். தொண்ணூறிலும் ஏறும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்த ஆய்வு 1990-இலேயே வெளிவந்துவிட்டது. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் "பேசாமல் உட்காருங்கள் பாட்டி" என்பதுதான் வைத்தியம்!

தெருமுனை வரை நடக்கிறாரே என்பீர்கள். நடக்கட்டும், நல்லதுதான். அது மட்டும் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்; இதயநோய், தலைச்சுற்றல், தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். நாற்காலி கனமானதாக, சுவரை ஒட்டி இருக்கட்டும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். புடவைக் கொசுவம் தரையில் புரளக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மூச்சை அடக்காமல் இருக்க, வாய்விட்டு எண்ணிக்கொண்டே உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தட்டும். வாரம் மூன்று நாள் போதும். சுலபமாகிவிட்டதா, காலில் எடைப்பட்டை கட்ட இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கஞ்சி மட்டும் ஊற்றாமல் முட்டையோ பருப்போ கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் கல்யாணம், ஊரில் திருவிழா என்று ஒரு மாதம் விட்டுவிடாதீர்கள். ஏறிய பலம் அதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.